‘இப்ப என்ன பண்றே?’ என்று கேட்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை

கேள்வி: பெங்களூரில் அல்சூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழ் வழியில் ஒன்றாவது முதல் ஐந்தாவது வரை ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். 1991–92இல் ஐந்தாவது. வகுப்பில் 38 பேர். ஆறு மாதத்துக்கு முன் ஒருத்தி வீட்டில் பழைய குரூப் போட்டோ கிடைத்தது. அதை வைத்து வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். 26 பேர் சேர்ந்தோம். முதல் மாதம் ஒரே கொண்டாட்டம். அப்புறம் ஒருவன் சர்ஜாபூர் ரோட்டில் வாங்கிய வில்லாவின் படங்களைப் போட்டான். இன்னொருத்தி ‘உனக்கு எத்தனை பசங்க?’ என்று எல்லோருக்கும் முன்னால் கேட்க, கேட்கப்பட்டவள் குழுவைவிட்டே போய்விட்டாள். எப்போதும் முதல் ரேங்க் வாங்கியவன் இன்று ஆட்டோ ஓட்டுகிறான். எல்லாவற்றையும் படிக்கிறான், ஒரு வரி எழுதுவதில்லை. 1991 டிசம்பரில் தமிழர்களுக்கு எதிராக நடந்த காவிரிக் கலவரத்தில் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போன ஒருவன் ஆம்பூரில் இருக்கிறான். ‘பெங்களூருக்கு மட்டும் கூப்பிடாதே’ என்கிறான். ஒருவர் இறந்துவிட்டார். ஒரு ஞாயிறு எல்லோரும் கூடி, அவரவர் வாழ்க்கை எங்கெங்கோ போனதைப் பேச வேண்டும் என்று ஆசை. சிலர் ரிசார்ட் என்கிறார்கள், தலைக்கு 3,500 ரூபாய். யார் மனசும் நோகாமல் இதை எப்படி நடத்துவது? டீச்சரைக் கூப்பிடலாமா? என் கதை ஒன்றும் பெரிதில்லை, அதை விடுங்கள்.
– ஆர்., லிங்கராஜபுரம்

பதில்:

அன்புள்ள ஆர்.,

வில்லா படம் போட்டவரும் சரி, பிள்ளைகளைப் பற்றிக் கேட்டவரும் சரி, யாரையும் குத்த நினைத்திருக்க மாட்டார்கள். பழைய சிநேகிதரைப் பார்த்ததும் நம் வாயில் தானாக வரும் கேள்விகள் நாலே நாலுதான்: இப்ப என்ன பண்றே, எங்க இருக்கே, எத்தனை பசங்க, சொந்த வீடா? நாலையும் வரிசையாக வைத்துப் பாருங்கள், ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரி இருக்கும். எந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டியிருக்கிறதோ அந்தக் கட்டத்தில்தான் ஆள் நின்றுவிடுகிறார். உங்கள் சிநேகிதி குழுவைவிட்டுப் போனது அந்தக் கட்டத்தை 25 பேர் பார்த்துக்கொண்டிருந்ததால்.

வகுப்புத் தோழர் விஷயத்தில் இது ஏன் இவ்வளவு சுருக்கென்று தைக்கிறது என்பதற்கு உளவியலில் பழைய விளக்கம் ஒன்று உண்டு. லியான் ஃபெஸ்டிங்கர் 1954இல் எழுதியது: மனிதர்கள் தங்களை அளந்துபார்க்கத் தங்களைப் போன்றவர்களையே தேடுகிறார்கள். டிவியில் வரும் கோடீஸ்வரன் வீட்டைப் பார்த்து நமக்குத் தூக்கம் கெடுவதில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வாய்ப்பாட்டை ஒப்பித்தவன் வீட்டைப் பார்த்தால் கெடும். புறப்பட்ட இடம் ஒன்று என்பதால், போய்ச் சேர்ந்த இடத்தின் வித்தியாசம் முழுக்க நம் குற்றம் போலத் தெரிகிறது. அது குற்றமில்லை என்று எல்லோருக்கும் அறிவுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அறிவு உதவுவதில்லை.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். எங்கே போய்ச் சேர்ந்தாய் என்று கேட்க வேண்டாம். எந்த இடத்தில் திரும்பினாய் என்று கேளுங்கள். 2013இல் உளவியலாளர்கள் ஜோர்டி குவாய்ட்பாக், டேனியல் கில்பர்ட், டிமோத்தி வில்சன் மூவரும் 18 வயது முதல் 68 வயது வரை 19,000 பேருக்கு மேல் விசாரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எந்த வயதுக்காரரைக் கேட்டாலும், போன பத்து வருஷத்தில் நான் ரொம்ப மாறிவிட்டேன், இனி அவ்வளவாக மாற மாட்டேன் என்கிறாராம். பத்து வயது மூத்தவர்களைக் கேட்டுப் பார்த்தால் அந்தக் கணிப்பு நிற்பதில்லை. வில்லாக்காரரும் இதில் அடக்கம், ஆட்டோ ஓட்டுபவரும் அடக்கம். வீடு, சம்பளம் பற்றிய பேச்சில் சிலருக்குத்தான் சொல்ல ஏதாவது இருக்கும். ‘நான் நினைத்தே பார்க்காதது’ என்ற பேச்சில், 24 பேர் வருவார்கள் என்று வைத்தால், 24 பேருக்கும் இருக்கும். நாள் முழுவதையும் இதன் மேல்தான் கட்டப்போகிறோம்.

ரிசார்ட் வேண்டாம். 3,500 ரூபாய் கொடுக்க முடியாதவர் ‘காசில்லை’ என்று எழுத மாட்டார், ‘அன்னைக்கு ஒரு கல்யாணம்’ என்று எழுதுவார். உங்களுக்குக் காரணமே தெரியாமல் ஐந்தாறு பேர் கழன்றுகொள்வார்கள். அல்சூரிலோ காக்ஸ் டவுனிலோ 30 பேர் கொள்ளும் சின்ன ஹால் போதும். ஏரிப் பக்கம் கிடைத்தால் இன்னும் நல்லது. மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் ஹலசூரு (நம் அல்சூர்தான்) நிலையம் இருப்பதால் எந்தக் கோடியிலிருந்தும் வரலாம். தலைக்கு 300 என்று வையுங்கள், சாப்பாட்டுக்கு அது போதும். ஹால் வாடகையும் மற்றதும் வசதியுள்ள மூன்று பேர் ஏற்கட்டும், பெயர் வெளியே வராமல். வசூலை ஒருவரே பார்க்க வேண்டும். ‘இதுவரை கொடுத்தவர்கள்’ என்று பட்டியல் போடுவதும், கட்டிய ரசீதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போடுவதும் கூடாது. வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்பது பொதுவாக எல்லோருக்கும் தெரியும். தேதி முடிவு செய்ய அது சரி, பணம் பற்றி முடிவு செய்ய ஆகாது.

தேதியை முடிவு செய்வதற்கு முன் இரண்டு பேரிடம் தனியாகக் கேளுங்கள். ஆட்டோ ஓட்டுபவருக்கு ஞாயிறு சவாரி உள்ள நாள். வந்தால் அன்றைய வருமானம் போச்சு. 12 மணி நேர ஷிப்டில் செக்யூரிட்டி வேலையோ ஆஸ்பத்திரி வேலையோ பார்ப்பவர் உங்கள் 26 பேரில் ஒருவராவது இருப்பார். மாற்றி ஷிப்டு வாங்க அவருக்கு மூன்று வாரமாவது வேண்டும். நேரம் பகல் 11.30 முதல் 4 வரை. காலையில் சர்ச்சுக்குப் போகிறவர்கள் முடித்துவிட்டு வருவார்கள், சென்னையிலிருந்து விடியற்காலை ரயில் பிடிப்பவரும் 11 மணி வாக்கில் இறங்கிவிடுவார். கணவர், மனைவி, பிள்ளைகள் முதல் தடவை உள்ளே வேண்டாம். கொண்டுவந்து விட்டுக் கூட்டிப் போக வருபவர்களைக் கடைசி அரை மணி காபிக்குக் கூப்பிடுங்கள். இதை முதல் செய்தியிலேயே சொல்லிவிட்டால் யார் வீட்டிலும் மனஸ்தாபம் வராது. கடைசி நாளில் சொன்னால் வரும்.

இனி, எழுதாதவர்கள். குழுவில் ‘ஏன்டா பேச மாட்டேங்கறே?’ என்று பெயர் சொல்லி இழுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். பெக்கி லியுவும் சகாக்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், பழைய தொடர்பு ஒருவருக்கு நாலு வரி எழுதுவது அவருக்கு எவ்வளவு சந்தோஷம் தரும் என்பதை எழுதுபவர்கள் குறைவாகவே மதிப்பிட்டார்கள். வாங்குபவர் அதை எதிர்பார்க்காதபோது சந்தோஷம் இன்னும் கூடியது. செய்தியில் மூன்று விஷயம் மட்டும் இருக்கட்டும்: ஒரு துல்லியமான ஞாபகம், ஒரு தகவல், பதில் வேண்டாம் என்ற விடுதலை. உங்கள் முதல் ரேங்குக்காரருக்கு இப்படி எழுதலாம்:

‘அஞ்சாவதுல பின்னக் கணக்கு எனக்குப் புரியலைன்னு ஒரு வாரம் இடைவேளைல உக்காந்து சொல்லிக் கொடுத்தே. சப்பாத்தியைப் பிச்சுப் பிச்சுக் காட்டினே. என் பொண்ணுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஞாயித்துக்கிழமை சந்திக்கிறோம், பகல் பதினொன்றரை. வந்தா சந்தோஷம். பதில் போடணும்னு இல்ல.’

சப்பாத்தி என் கற்பனை. உங்களிடம் உண்மையான ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். ‘நீதான் எங்க வகுப்பிலேயே பெரிய அறிவாளி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவருக்கு அந்த வாக்கியத்தின் மிச்சப் பாதி தானாகக் கேட்கும்.

குழுவைவிட்டுப் போனவரை மறுபடி சேர்க்காதீர்கள். அவர் விலகியதை வாட்ஸ்அப் நிர்வாகிகளுக்கு மட்டும்தான் அறிவிக்கிறது. திரும்பச் சேர்த்தால் எல்லோருக்கும் தெரியும். ஏன் போனாய், ஏன் வந்தாய் என்று இரண்டு கேள்வி வரும். நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடிய இரண்டாவது குழு ஒன்று தொடங்குங்கள். அதில் இடம், நேரம், வழி மட்டும். அந்த இணைப்பை அவருக்குத் தனியாக அனுப்பினால் உள்ளே வருவதும் வராததும் அவர் கையில். பிள்ளைகள் பற்றிக் கேட்டவரிடமும் நீங்கள் பேச வேண்டும். ‘மன்னிப்புக் கேள்’ என்று சொல்ல வேண்டாம். மன்னிப்புக் கேட்க அவர் போன் செய்தால் அந்தப் பேச்சே மறுபடி பிள்ளைகளைப் பற்றித்தான் ஆகும். கூட்டத்தன்று அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்க வேண்டாம் என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்.

இன்ஷூரன்ஸ், சீட்டு, பிளாட், சத்துமாவு ஏஜென்சி எதுவும் கூட்டத்துக்கு முன்னும் பின்னும் மூன்று மாதம் கூடாது. ஒரு வரியில் அறிவித்துவிடுங்கள், விளக்கம் வேண்டாம்.

கூட்டத்தன்று பெரிய வட்டமாக நாற்காலி போட்டு, ஒருவர் பின் ஒருவராக மைக்கில் பேசுவதுதான் நம் வழக்கம். இதைப்போல் கெடுதல் வேறில்லை. 24 பேர், ஆளுக்கு 3 நிமிஷம் என்றாலும் 72 நிமிஷம். முதல் ஆள் வேலையும் வீடும் சொன்னால் அடுத்த 23 பேரும் அதே வரிசையில் சொல்வார்கள். தன் முறை வரும்வரை யாரும் கேட்பதில்லை, தன் வரியை மனசுக்குள் திருத்திக்கொண்டிருப்பார்கள். தானாகக் கூடும் பேச்சில் எத்தனை பேர் நிலைக்கிறார்கள் என்று பரிணாம உளவியலாளர் ராபின் டன்பாரும் சகாக்களும் 1995இல் எழுதினார்கள்: நாலு பேர் வரைதான், ஐந்தாமவர் வந்து சேர்ந்தால் பேச்சு இரண்டாகப் பிரிகிறது. கல்யாண வீட்டு வாசலில் நின்று எண்ணிப் பார்த்தாலே தெரியும்.

ஆகவே ஆறு மேஜை, மேஜைக்கு நாலு பேர். யார் எங்கே என்பதை நீங்களே முன்கூட்டிச் சீட்டில் எழுதி வையுங்கள். வந்தவர்களை ‘எங்கேயாவது உட்காருங்க’ என்று விட்டால் கார் சாவி வைத்திருப்பவர்கள் ஒரு மேஜை, பஸ்ஸில் வந்தவர்கள் ஒரு மேஜை என்று ஐந்தே நிமிஷத்தில் பிரிந்துவிடும். மொத்தம் மூன்று சுற்று. சுற்றுக்கு அரை மணி: ஆளுக்கு 6 நிமிஷம், மிச்சம் 6 நிமிஷம் மூச்சு வாங்க. நடுவில் பத்துப் பத்து நிமிஷம் இடைவேளை. ஒவ்வொரு சுற்றுக்கும் மேஜையைக் கலைத்து அடுக்குங்கள். கணக்குப்படி ஒருவர் ஒன்பது பேரைத்தான் நெருக்கமாகக் கேட்டிருப்பார். அது போதும், மற்றவர்களைச் சாப்பாட்டு வரிசையில் தேடிப் போய்ப் பேசுவார்கள். ஆறு நிமிஷத்தை மூன்றாகக் குறைத்துவிடாதீர்கள். முதல் இரண்டு நிமிஷத்தில் வருவது ஏற்கெனவே நூறு பேரிடம் சொன்ன கதை. அது தீர்ந்ததும் ஒரு சின்ன மௌனம் வரும், பேசுபவர் தண்ணீர் டம்ளரை நகர்த்துவார், மேஜையைப் பார்ப்பார். நல்லது எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த மௌனத்தில் பக்கத்தில் இருப்பவர் ‘எனக்கும் அப்படித்தான்டி’ என்று புகுந்துவிட்டால் போச்சு, ஆள் மூடிக்கொள்வார்.

முதல் சுற்றின் கேள்வி லேசாக இருக்கட்டும்: ஐந்தாவதில் நீ என்ன ஆகப்போகிறாய் என்று நினைத்திருந்தாய், இன்றைக்கு உன்னிடம் இருக்கும் எந்தப் பழக்கத்தை அந்தப் பத்து வயசுப் பிள்ளை நம்பாது? ரத்தத்தைக் கண்டால் மயங்கியவள் பிரசவ வார்டில் நர்ஸாக இருப்பாள், பேசவே பயந்தவன் வக்கீல் ஆபீஸில் இருப்பான். சிரிப்பு வரும். வரவேண்டும், அதுதான் அடுத்த சுற்றுக்குக் கதவு.

இரண்டாவதுதான் முக்கியமான சுற்று. ‘நீ திட்டம் போடாமலே உன் வழி திரும்பிய ஒரு நாள்.’ ஒரே ஒரு நாள், மொத்த வாழ்க்கை வேண்டாம். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1982இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார், தற்செயலான சந்திப்புகள் மனிதர்களை எப்படி எங்கெங்கோ கொண்டுபோய் விடுகின்றன என்று. படிக்கச் சலித்துக் கோல்ஃப் விளையாடப் போன மாணவன் ஒருவன் அங்கே தன் வருங்கால மனைவியைப் பார்த்ததை அதில் உதாரணமாகச் சொன்னார். அந்த மாணவன் அவரேதான். பெங்களூர்த் தமிழர்களுக்கு கோல்ஃப் எல்லாம் வேண்டியதில்லை. அப்பா வேலை பார்த்த மில் மூடியது, தமிழ் வழியில் ஐந்தாவது முடித்துக் கன்னட வழியிலோ இங்கிலீஷ் மீடியத்திலோ போட்டு முதல் பரீட்சையில் கோட்டை விட்டது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கொடுத்த ஒரு வேலை விலாசம் – உங்கள் 24 பேரிடம் இவையெல்லாம் கட்டாயம் இருக்கும். நாளும் இடமும் கேட்டால் பேச்சு தானாக மண்ணில் இறங்கும். ‘மொத்தத்தில் எப்படிப் போச்சு’ என்று கேட்டால் ‘கடவுள் புண்ணியத்தில் நல்லா இருக்கேன்’ என்பதைத் தாண்டாது.

மூன்றாவது: ‘இப்போது எதில் உன் கை தேர்ந்திருக்கிறது, எங்களுக்கு ஒன்று சொல்லிக் கொடு.’ ஆட்டோ ஓட்டுபவர் மழை நாளில் டேனரி ரோட்டைத் தவிர்த்து எந்தச் சந்து வழியாகப் போகலாம் என்று சொல்வார். சமையல் காண்ட்ராக்டர் நூறு பேருக்கு அரிசி எத்தனை படி என்பார். வில்லாக்காரருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும், வீட்டுக் கடனைப் பற்றியாவது. இந்தச் சுற்றில் உயரம் தாழ்வு கலைந்துபோவதை நீங்களே பார்ப்பீர்கள்.

விதிமுறை என்று நீளமாக வாசிக்காதீர்கள். மேஜைக்கு ஒரு அட்டை, அதில் நாலு வரி: ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி வேண்டாம். அறிவுரை வேண்டாம். ‘பாஸ்’ சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டாம். இங்கே கேட்டது இங்கேயே. ‘பாஸ்’ என்பது வெறும் எழுத்தாக இருந்தால் யாரும் பயன்படுத்த மாட்டார்கள். முதல் சுற்றில் நல்ல நிலையில் இருக்கும் ஒருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள், அவர் சாதாரணமாகப் ‘பாஸ்’ சொல்லிவிட்டுச் சிரிக்கட்டும். அதற்குப் பிறகு அது அவமானமாகத் தெரியாது. பேச்சின் நடுவே இங்கிலீஷுக்குத் தாவுவதையும் கவனியுங்கள். கன்னடம் கலந்த நம் ஊர்த் தமிழ் யாரையும் ஒதுக்காது. நீள நீளமான இங்கிலீஷ் வாக்கியம் ஒதுக்கிவிடும், பேசுபவருக்கே தெரியாமல்.

இன்னொரு சங்கடம், ‘நீ’யா ‘நீங்க’ளா என்பது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆண்கள் தங்களுக்குள் ‘டேய்’ என்று அரை மணியில் இறங்கிவிடுவார்கள். ஆண், பெண் நடுவே ‘வாங்க, போங்க’ கொஞ்ச நேரம் நிற்கும், நிற்கட்டும். கவனிக்க வேண்டியது வேறு. யாராவது ஒருவர் பழைய பெஞ்சு நண்பனை ‘சார்’ என்பார். பெரும்பாலும் அவர் வேலையில் நாள் முழுக்க அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகியவராக இருப்பார். திருத்தாதீர்கள், சிரிக்காதீர்கள். அதற்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது: வருகைப் பதிவு.

கூட்டத்தை அதில்தான் தொடங்க வேண்டும். 38 பெயரையும் அன்றைய இனிஷியலோடு எழுதுங்கள். பெண்கள் பலருக்குக் கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியிருக்கும். அப்பா இனிஷியலையே எழுதுங்கள். மூன்று செல்வி இருந்தால் எந்தச் செல்வி என்பது அதில்தான் தெரியும், ஆதாரில் இருக்கும் பெயர் உதவாது. பட்டியலை ஒருவரே ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம், எல்லோரும் குழுவில் கூடி எழுதவும் வேண்டாம். சேர்ந்து நினைவுகூரும்போது ஒருவர் சொன்னது மற்றவர் ஞாபகத்தை மறித்துவிடுகிறது. தனித்தனியே எழுதிச் சேர்த்தால் அதிகம் கிடைக்கும் என்பது பல சோதனைகளில் பார்த்த விஷயம். போட்டோவை ஆளுக்கொரு நகல் எடுத்து, தலைகளுக்கு 1 முதல் 38 வரை எண் போட்டுத் தனித்தனியே அனுப்புங்கள். தெரிந்த எண்ணுக்குப் பெயர் எழுதி உங்களுக்கு மட்டும் திருப்பி அனுப்பட்டும். இரண்டு பேராவது ஒரே பெயரைச் சொன்னால் உறுதி. நீங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் 11 பேரில் சிலரின் அப்பா வேலை பார்த்த இடம் – ஐடிஐ, எச்ஏஎல், பின்னி மில் – யாராவது ஒருவர் தாளில் வந்து நிற்கும். பெங்களூரில் ஆளைத் தேட வீட்டு விலாசத்தைவிட அதுதான் நல்ல பிடி, அந்த வீடுகள் பல இன்று அடுக்குமாடி.

11.45க்கு ஒருவர் எழுந்து, அன்றைய குரலில் பெயர் வாசிக்கட்டும். ‘உள்ளேன் டீச்சர்’ என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். ‘சார்’ என்று கூப்பிட்டவரும் கூப்பிடப்பட்டவரும் ஒரே வார்த்தையைச் சொல்லி நிற்பார்கள். இறந்தவரின் பெயரையும் அதன் இடத்தில் வாசியுங்கள், தாண்டிப் போகாதீர்கள், கடைசியில் தனியாகவும் வைக்காதீர்கள். யார் பதில் சொல்வது என்று முன்பே பேசி வைக்காவிட்டால் அந்த இடத்தில் ஹால் உறைந்துபோகும். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, அவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்லட்டும். எப்படி இறந்தார் என்பது வேண்டாம், எப்படி இருந்தார் என்பது போதும். அடுத்த பெயருக்குப் போங்கள்.

டீச்சரைக் கூப்பிடுங்கள், ஆனால் காலையிலேயே வேண்டாம், 3 மணிக்கு. அவர் இருந்தால் நாற்பத்து நாலு வயசுக்காரர்கள் எல்லோரும் பத்து வயசு ஆகிவிடுவார்கள். அடி வாங்கியவர் மறுபடி அடி வாங்கியவர் ஆகிவிடுவார். அதோடு, வயதான ஆசிரியர் பாசத்தில் வரிசையாகக் கையைப் பிடித்து ‘நீ என்னப்பா பண்றே?’ என்றுதான் கேட்பார். காலை முழுக்க நீங்கள் காத்தது மூன்று நிமிஷத்தில் உடையும். கூட்டிவர ஒருவரை அனுப்பி, வழியில் சொல்லச் சொல்லுங்கள்: ‘டீச்சர், என்ன வேலைன்னு கேக்காதீங்க. இவன் என்ன சேட்டை பண்ணான்னு சொல்லுங்க.’ அது அவருக்கும் சுலபம்.

ஆம்பூர் நண்பர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியான கையோடு, 1991 டிசம்பர் 12, 13 தேதிகளில் நடந்த கலவரம் பெரியவர்களுக்கு அரசியல். பத்து வயதுப் பையனுக்கு அது ஒரு மூட்டை, ஒரு இரவு, விட்டுவிட்டு வந்த புத்தகப் பை. உங்களுக்கு அது ஜனவரியில் காலியாக இருந்த ஒரு இடம். அவர் ஏன் போனார் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, உங்களுக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கும் தெரியாது. இரண்டும் சேர்ந்தால்தான் கதை. ஆனால் அதைச் சேர்ப்பது அவர் இஷ்டம். 24 பேர் ஹாலில் அதைத் தலைப்பாக வைக்காதீர்கள். வைத்தால் ஆளாளுக்குத் தன் வீட்டில் கேட்டதைச் சொல்வார்கள், யார் செய்தது என்ற பேச்சு வரும், முதலில் உரக்கச் சொன்னவரின் விவரம் மற்றவர் ஞாபகத்திலும் ஏறிக்கொள்ளும். அவருடைய சொந்த ஞாபகம் அங்கே நசுங்கும்.

‘இப்ப எல்லாம் சரியாயிடுச்சுடா, வா’ என்று சொல்ல வேண்டாம். உண்மையிலேயே மாறியிருக்கிறது, 1991இலிருந்து மூடியே கிடந்த அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலை 18 வருஷம் கழித்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தாயிற்று. ஆனால் அவர் கேட்காமல் அதைச் சொன்னால், உன் பயம் காலாவதி ஆகிவிட்டது என்று சொன்னதாகும். இரண்டு வழி கொடுங்கள். ஒன்று, வீடியோ அழைப்பு: முழு ஹாலுக்கும் போனைச் சுற்றிக் காட்டாதீர்கள், இரைச்சலில் ஒன்றும் கேட்காது, 24 முகம் கையசைத்துவிட்டுப் போய்விடும். ஒரே மேஜைக்கு, அவரோடு பழகிய மூன்று பேர் இருக்கும் மேஜைக்கு, இரண்டாவது சுற்றில், டம்ளரில் சாய்த்து வைத்த போனில் நாலாவது ஆளாக அவர் இருக்கட்டும். கூடவே வருகைப் பதிவில் அவர் பெயரை வாசிக்கலாமா என்று முன்பே கேளுங்கள். சரி என்றால் வாசியுங்கள். டிசம்பருக்குப் பிறகு ஒரு நாள் அந்தப் பெயர் பதிவேட்டில் அடிக்கப்பட்டிருக்கும். இன்னொரு வழி, ஓசூர். பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர், தமிழ்நாட்டுப் பக்கம். அவர் அதுவரை வருவாரா என்று கேளுங்கள். உங்களில் மூன்று பேர் வேறொரு ஞாயிறு போகலாம். அவர் எதுவும் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள், பொங்கலுக்கு ஒரு வாழ்த்து போதும்.

யாராவது அழுதால் மற்ற மூவரும் சும்மா இருக்க வேண்டும். தோளைத் தட்டினால் பெரும்பாலும் அழுகை நின்று மன்னிப்பு தொடங்கும், ‘சாரி, நான் இப்படி...’ என்று. தண்ணீரைப் பக்கத்தில் நகர்த்தினால் போதும். யாராவது வாழவே பிடிக்கவில்லை என்ற மாதிரி ஒரு வார்த்தை விட்டால் அதை மேஜையில் ஆராய வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் தனியே உட்கார்ந்து, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தோன்றுகிறது என்றால் அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும், தமிழிலும் பேசலாம். மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் நம் ஊரிலேயே இருக்கிறது.

போட்டோவுக்குக் கடைசி 15 நிமிஷம் ஒதுக்குங்கள், அதுவரை போன் பையில். ஃபேஸ்புக்கில் போட விரும்பாதவர் யார் என்று படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள், எடுத்த பிறகு கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். மறுநாள் குழுவில் யார் என்ன சொன்னார் என்ற தொகுப்பு வேண்டாம்.

கடைசியாக, நீங்கள். மற்றவர்களைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு உங்களைப் பற்றி ‘அதை விடுங்கள்’ என்று ஒரே வரி. அதில் என்ன இருக்கிறது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் ஏற்பாடு செய்பவர் மணி அடிப்பது, மேஜை மாற்றுவது, சாம்பார் வந்ததா பார்ப்பது என்று நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்துவிடலாம். அது ஒளிவதற்கு ரொம்ப வசதியான இடம், 4 மணிக்கு எல்லோரும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டாவது சுற்றில் மணியை வேறொருவர் கையில் கொடுங்கள். சாம்பாரை அந்த அரை மணி யாராவது பார்த்துக்கொள்வார்கள். உங்கள் சீட்டை எந்த மேஜையில் வைப்பது என்று நீங்களே முடிவு செய்யலாம்; உங்களைப் பத்து வயதில் அழ வைக்காத மூன்று பேர் இருக்கும் மேஜையாகப் பாருங்கள். எவ்வளவு சொல்வது என்பதற்கு ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள்: திங்கட்கிழமை அது குழுவில் வந்தாலும் உங்களால் தாங்க முடிகிற அளவு. அது ஒரு வாக்கியம்தான் என்றால் ஒரு வாக்கியம். சொல்லிவிட்டுப் ‘பாஸ்’ என்றாலும் மிச்ச நிமிஷத்துக்கு அங்கேயே உட்கார்ந்திருங்கள், எழுந்து காபி பார்க்கப் போய்விடாதீர்கள்.